நாற்காலி நுனியில் மாப்பிள்ளை

இதை நான் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியிலும், கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலும் சொல்லித் தொலைப்பது என் பழக்கம். என் வீட்டுக்காரர் கதை சொன்னால் கேட்கிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். நான் சொன்னால் நாற்காலியை ஓரமாகப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் இந்த ஒரு கதையை மட்டும் அவர் சொல்ல மாட்டார். அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும். நடுவில் எங்கேயாவது வழுக்கினால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி என்று சும்மா சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு மர சாமான் கடையில் வேலை. கட்டில், மேஜை, அலமாரி எல்லாம் அந்தக் கடையில் உண்டு. ஆனால் நாற்காலிப் பக்கம் முழுக்க இவர் ராஜ்யம். வாசலில் ஆள் நுழையும்போதே அவருக்கு எந்த நாற்காலி என்று இவருக்குத் தெரிந்துவிடும். நடையைப் பார்த்தால் பாதி தெரியுமாம். உட்காருவதைப் பார்த்தால் மீதியும் தெரியுமாம்.

ஒருமுறை ஒரு வக்கீல் வந்து, சுழல் நாற்காலிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இவர் சொல்லியிருக்கிறார்: "சார், நீங்க சுத்துற ஆள் இல்ல. மத்தவங்களைச் சுத்தல்ல விடுற ஆள். உங்களுக்கு அசையாத நாற்காலிதான் சரி." வக்கீல் முறைத்துக்கொண்டே வாங்கிப் போனார். கொஞ்ச நாள் கழித்துத் தன் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்து, "இவருக்கும் பார்த்துச் சொல்லுங்க" என்றாராம். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல வந்தேன். இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒன்றைப் போல் இன்னொரு நாற்காலி கிடையாது. கடையில் விலை போகாதது எல்லாம் எங்கள் வீட்டில் வந்து குடியேறும். ஒன்றுக்குக் கை இல்லை. ஒன்றுக்குக் கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறோம். ஒன்று, உட்கார்ந்தால் 'அம்மா' என்று கத்தும். நாம்தான் கத்தினோமோ என்று சந்தேகம் வரும்.

இப்போது கடற்கரைக்கு வருகிறேன். பார்த்தீர்களா, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கடற்கரையோரம் ஒரு விடுதிக்கு நாற்காலி இறக்குவதற்காக இவர் லாரியில் போய் வந்தார். வந்ததிலிருந்து நிலத்தில் கால் பாவவில்லை. அந்த விடுதியைச் சுற்றி ஒரே சாலையில் நாலு கடற்கரை இருக்கிறதாம். மற்றவர்களாக இருந்தால் கடலைப் பார்த்திருப்பார்கள். இவர் ஒவ்வொரு கரையிலும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வந்து போகிற ஆட்களைப் பார்த்திருக்கிறார். நாலு கரைக்கும் பெயர்கூட வைத்துவிட்டார். அலை ஆளுயரத்துக்கு எழும்புவது அலைக்கரை. கடையும் ராட்டினமும் பாட்டுச் சத்தமுமாக இருப்பது சந்தைக்கரை. பாறை பாறையாகக் கிடப்பது பாறைக்கரை. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல், பின்னால் மர நிழலோடு இருப்பது தூங்குமூஞ்சிக்கரை.

வந்த அன்று மாலையே கூடத்தின் நடுவில் நின்று தீர்மானத்தை அறிவித்தார்.

"செருப்பு வாங்கினா அளவு பாக்குறோம். சட்டை வாங்கினா அளவு பாக்குறோம். கடற்கரைக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டு ஓடுறோம். அப்புறம் வீட்டுக்கு வந்து சத்தம் தாங்கல, போர் அடிக்குது, முதுகு வலிக்குதுன்னு புலம்புறோம். தப்பு கடல் மேலயா? அளவு மாறிப் போச்சு, அவ்வளவுதான்!"

"அதுக்கு?" என்றேன்.

"இந்த லீவுக்கு பொண்ணும் மாப்பிள்ளையும் வராங்க இல்ல? எல்லாரும் அந்த விடுதிக்குப் போறோம். அவங்கவங்க உட்காருறதைப் பார்த்து அவங்கவங்களுக்குக் கடற்கரை சொல்லப்போறேன். காலைல பிரிஞ்சு போறோம். சாயங்காலம் ஒண்ணு சேர்றோம். சண்டை கிடையாது, சலிப்பு கிடையாது."

குடும்பம் ஒரே இடத்தில் இருந்தாலே எனக்கு நிமிஷத்துக்கு ஒரு தரம் தலை எண்ண வேண்டும். இதில் நாலு கரையிலும் சிதறிப் போனால் நான் எதை எண்ணுவது?

முதல் ஆள், அவருடைய அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூரத்து ஊருக்கு இணைப்புக் கொடுத்துக் கொடுத்து, பக்கத்தில் நிற்பவரோடும் தூரத்து ஊர்க்காரரோடு பேசுவது போலத்தான் பேசுவார்.

"அக்கா எந்த நாற்காலில உட்கார்ந்தாலும் வாசப் பக்கம் திருப்பிப் போட்டுக்குது. அதுக்கு ஆள் நடமாட்டம் வேணும். சந்தைக்கரை!"

"டேய் தம்பி!" என்று அண்ணி கூவினார். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "சரியாச் சொன்னடா! அமைதியான எடம்னு சொல்லி என்னை எங்கயாவது அடைச்சு வெச்சிருந்தே, கடலையே எழுப்பி விட்டிருப்பேன்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பொருத்தம்! மனுஷருக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

"உங்களுக்கு எந்தக் கரைங்க?" என்றேன்.

"எனக்கென்ன? யாருக்கும் வேண்டாததுல கிடக்கிறேன். தூங்குமூஞ்சிக்கரை எனக்கு."

தியாகம் மாதிரிதான் சொன்னார். ஆனால் கடையிலிருந்து புதிதாக ஒரு துணிச் சாய்வு நாற்காலி பிரிக்காத உறையோடு வந்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். சரி, வருஷம் முழுக்க அடுத்தவர்களை உட்காரவைக்கிற மனுஷர். ஒரு நாள் படுக்கட்டுமே.

"எனக்கு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "உனக்கு எப்படிச் சொல்றது? நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே!"

நானும் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அந்த வீட்டில் அத்தனை நாற்காலிக்கு நடுவில் நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி வேலை. உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவாள். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். தங்கமான பிள்ளை. அதிர்ந்து பேச மாட்டார். அதிராமலும் அதிகம் பேச மாட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என் வீட்டுக்காரரிடம் அவர் பேசியது மொத்தம் "சரிங்க மாமா" மட்டும்தான்.

"உட்காருங்க மாப்பிள்ளை!"

"சரிங்க மாமா."

உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியிலும் நுனியில். முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் இன்னொரு மாப்பிள்ளை உட்காரலாம். பாதி எடையைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டார். நாற்காலிக்கு அன்றைக்கு அரை நாள் வேலைதான்.

என் வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். முகத்தில் ஆயிரம் விளக்கு.

"பார்த்தியா?"

"என்னத்தைங்க?"

"உட்கார்ந்திருக்கிறதை! ஓட்டப் பந்தயத்துல விசிலுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி! ஒரு நிமிஷம் சாயலையே! என்ன துடிப்பு, என்ன வேகம்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு நுனியைப் பார்த்ததில்ல. அலைக்கரை! வேற பேச்சே இல்ல!"

"பொண்ணு?"

"அவ எதுல உட்கார்ந்தாலும் தூங்கிடுவா. ஜோடிக்கு மாப்பிள்ளை அளவுதான். அந்த அலை இருக்கே, என் கண்ணால பார்த்தேன். ஒரு தடியனைத் தூக்கி, துவைச்சு, அலசி, பிழிஞ்சு கரைல காயப் போட்டுச்சு. மாப்பிள்ளைக்கு அதுதான் தீனி!"

அவர் போனதும் மகள் உள்ளே வந்தாள். தூக்கம் போன முகம்.

"அம்மா, அப்பா அலைன்னு ஏதோ சொல்றாரே. உன் மாப்பிள்ளைக்குத் தண்ணின்னா உயிர்பயம்மா. நீச்சல் தெரியாது. மழை பெஞ்சாலே குடையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவாரு."

"அப்போ வேண்டாம்னு சொல்லச் சொல்லேன்!"

"யாருகிட்ட? அப்பாகிட்டயா? அவருக்கு அப்பான்னாலும் பயம். பயத்துலதான் நுனில உட்கார்ந்திருக்காரு. இறங்குன்னு சொன்னா இறங்கிடுவாரும்மா. 'சரிங்க மாமா'ன்னு சொல்லிட்டே போயிடுவாரு."

"நான் போய் அப்பாகிட்டச் சொல்றேன்."

"ஐயோ, சொல்லிடாதே! அப்பா மனசுல வைக்க மாட்டாரு, வாயில வெச்சுப்பாரு. கடைக்கு வர்ற ஆளுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. அப்புறம் இவரு இந்த வீட்டு வாசப்படி மிதிக்கவே கூசுவாரு."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் வீட்டுக்காரருக்கு எல்லா வித்தையும் வரும். வாயை மூடுகிற வித்தை மட்டும் வராது. சொன்னால் பிள்ளையின் மானம் போகும். சொல்லாவிட்டால் பிள்ளையே போய்விடும். மறுநாள் காலை வண்டி. நான் சமையலறை நடுவில் நின்று காலிப் பாத்திரத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன்.

சாப்பிடும்போது கொஞ்சம் முயற்சி செய்து பார்த்தேன்.

"ஏங்க, ஆழம் தெரியாம காலை விடக் கூடாதுன்னு சொல்லுவாங்க..."

"காலைத்தானே விடக் கூடாது? மாப்பிள்ளை தலைகீழா விழுவாரு. மாப்பிள்ளை! அலைன்னா பிடிக்கும்தானே?"

"சரிங்க மாமா."

"தலைக்கு மேல வரும்!"

"சரிங்க மாமா."

"வந்தா பின்வாங்கக் கூடாது. அப்படியே அதுக்குள்ள பூந்துடணும்!"

மாப்பிள்ளையின் கையிலிருந்த தண்ணீர் டம்ளரிலேயே சின்னதாக ஒரு அலை அடித்தது.

"பாரு, பாரு! அலைன்னு சொன்னதுமே கை துடிக்குது!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அவர் பார்க்கிறது உட்காருவதைத்தானே? உட்காருவதை மாற்றிவிட்டால்? மாப்பிள்ளை கை கழுவப் போன நேரம் பார்த்து, அவர் நாற்காலியில் முதுகுக்கு மெத்தென்று ஒரு தலையணையை வைத்தேன். மெத்தையைக் கண்டால் யாரும் சாய்வார்கள் அல்லவா? மாப்பிள்ளை வந்தார். தலையணையைப் பார்த்தார். அது மாமாவுக்குப் போட்டது என்று நினைத்தாரோ என்னவோ, அதில் படாமல் உட்கார்ந்தார். தலையணை பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டதால், நுனியில் இருந்தவர் நுனிக்கும் வெளியே வந்துவிட்டார். இப்போது அவர் உட்கார்ந்திருக்கிறாரா, நாற்காலியை முதுகில் சுமக்கிறாரா என்றே தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மெத்தையே போட்டாலும் சாயாத மனுஷன்! இவருக்கு அலை பத்தாது. பாறைக்கரைல ஒரு பாறை இருக்கு, மேல ஏறிக் கடலுக்குள்ள குதிப்பாங்க. காலைல பாறை, சாயங்காலம் அலை!"

"சரிங்க மாமா" என்று ஒரு காற்று வந்தது. குரல் என்று சொல்ல முடியாது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததுகூடப் பரவாயில்லை. என் குரங்கு பாறை உச்சியில் ஏறி நின்றது.

அழுகையை அடக்கிக்கொண்டு அண்ணியிடம் போனேன். விஷயத்தைச் சொல்ல முடியாது. அண்ணியிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அண்ணி, இவரு ஒரு முடிவு எடுத்துட்டா மாத்துறது எப்படி?"

"எவரு?"

"உங்க தம்பிதான்."

"அவனா? மாத்தவே முடியாது. சின்ன வயசுல ஒரு தடவை தெற்கைக் காட்டி வடக்குன்னான். இன்னைக்கு வரைக்கும் எங்க பழைய வீட்டுக்கு ரெண்டு வடக்கு." வெற்றிலைப் பெட்டி மாதிரி கையிலேயே வைத்திருக்கும் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார். "இல்லன்னு சொன்னா இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்குவான். எங்க எக்ஸ்சேஞ்சுல ஒண்ணு பண்ணுவோம். லைன்ல ஒருத்தன் ஓயாம பேசுறான்னு வை. அவனை நிறுத்துன்னு சொல்ல மாட்டோம். அதே லைன்ல இன்னொருத்தரை மாட்டி விட்டுடுவோம். ரெண்டு குரலும் ஒண்ணா விழும். அவனே குழம்பிப் போய் போனை வெச்சிடுவான்."

அண்ணியைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. என்ன கேட்டேன் என்று தெரியாமலே என்ன பதில் சொல்லிவிட்டார்!

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் தேநீருக்குக் கூடினார்கள். மாப்பிள்ளை நுனியில். மகள் பக்கத்தில் அரைக் கண்ணோடு. அண்ணி வாசலைப் பார்த்து. நான் தேநீரைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வழக்கம் போலக் கதவோரம் போய் நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்தேன். உட்கார்ந்தேன். அதுவும் நுனியில். முதுகை நிமிர்த்தி, கை இரண்டையும் முழங்கால் மேல் வைத்து, அச்சு அசலாக மாப்பிள்ளை மாதிரி. நான் எடுத்தது எந்த நாற்காலி என்று கவனிக்கவில்லை. அது 'அம்மா' என்றது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் வாயில் தேநீரோடு அப்படியே நின்றார்.

"என்ன... என்ன ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா?"

"உட்கார்ந்திருக்கேங்க. எனக்கும் ஒரு கடற்கரை சொல்லுங்க."

அவருக்கு முகம் மலர்ந்தது. இத்தனை வருஷமாகக் கிடைக்காத வாடிக்கை அல்லவா? கிட்டே வந்து என்னைச் சுற்றி நடந்தார். நடக்க நடக்க அந்த மலர்ச்சி வாடிக்கொண்டே போனது. என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் சாஞ்சு உட்காரேன்."

"எனக்கு இப்படித்தாங்க வருது."

"நல்லா யோசிச்சுப் பாரு. சாஞ்சா சௌகரியமா இருக்கும்."

"நீங்கதானே சொல்லுவீங்க, உட்காருறவங்களை நாம திருத்தக் கூடாது, நாற்காலியைத்தான் மாத்தணும்னு? எனக்கும் அலைக்கரைதானே?"

"நீயா? வாளித் தண்ணிலயே ஆழம் பாக்குறவ நீ!"

"அப்போ பாறையா? மேல ஏறிக் குதிக்கணுமா?"

அண்ணி சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூவினார். "டேய் தம்பி! ரெண்டு பேரும் ஒரே மாதிரிதாண்டா உட்கார்ந்திருக்காங்க! மாப்பிள்ளைக்கு அலைன்னா இவளுக்கும் அலைதானே? இல்ல, உன் கணக்கு தப்பா?"

தப்பா என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருடைய மூக்கு நுனி சிவந்தது. ரொம்ப இழுத்துவிட்டேனோ? அந்த மனுஷரின் ஒரே பெருமை அது. அதை உடைக்கவா நான் உட்கார்ந்தேன்? பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும், அவருடைய வித்தையையும் காப்பாற்ற வேண்டும். அவசரமாக வாயைத் திறந்தேன்.

"கணக்கு எப்படி அண்ணி தப்பாகும்? நுனில ரெண்டு வகை இருக்கும். அது இவருக்குத் தெரியாதா? நமக்குச் சோதனை வைக்கிறாரு. இப்போ பாருங்க, நான் இவரு முன்னாடி நுனில ஏன் உட்கார்ந்தேன்? ஒரு மரியாதைதானே?"

மெதுவாக அவருடைய மூக்கு பழைய நிறத்துக்கு வந்தது. அப்புறம் நெஞ்சு நிமிர்ந்தது.

"மரியாதை நுனி!" என்றார். "கரெக்ட்! துடிப்பு நுனி வேற, மரியாதை நுனி வேற. கடைல பெரிய முதலாளி முன்னாடி எல்லாரும் இப்படித்தான் உட்காருவாங்க. இதைப் பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. குதிகாலைப் பாக்கணும். தூக்கி இருந்தா துடிப்பு. தரையில பதிஞ்சிருந்தா மரியாதை!"

குனிந்து என் காலைப் பார்த்தார். பதிந்திருந்தது. பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். என் உயிர் போய்விட்டது. பிள்ளைக்குப் பயத்தில் இரண்டு குதிகாலும் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. அவர் குனிவதற்குள், அரைத் தூக்கத்தில் இருந்த என் மகள் காலை நீட்டினாள். புருஷனுடைய இரண்டு பாதத்தின் மேலும் தன் காலைப் போட்டு அழுத்தினாள். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் என்று அன்றைக்குத்தான் நிச்சயமாகத் தெரிந்தது.

"பதிஞ்சிருக்கு!" என்றார் என் வீட்டுக்காரர். "மாப்பிள்ளை, இத்தனை மரியாதையா என் மேல?"

"சரிங்க மாமா."

"அப்போ மரியாதை நுனிக்கு எந்தக் கரைங்க?" என்றேன்.

"வேற எது? பெரியவங்க பக்கத்துல இருக்கிறதுதான் மரியாதைக்கு அழகு" என்று ஆரம்பித்தவர், பாதியில் எதையோ நினைத்துக்கொண்டவர் போல நின்றார். முகம் விழுந்தது. ஆனால் வாய் முந்திவிட்டது. அண்ணி அதற்குள் தெருவுக்கே அறிவித்துவிட்டார்: "மாப்பிள்ளை உன் கூடத் தூங்குமூஞ்சிக்கரைக்கு!"

மறுநாள் அண்ணி சந்தைக்கரையில் இறங்கிக்கொண்டார். நாங்கள் வண்டியைக் கிளப்புவதற்குள்ளேயே அங்கே அவருக்கு மூன்று சிநேகிதிகள். நாங்கள் நாலு பேரும் தூங்குமூஞ்சிக்கரைக்கு வந்தோம்.

அவர் சொன்னது பொய்யே இல்லை. என்ன இடம்! தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. மரத்தடியில் வயதானவர்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். குழந்தைகள் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து விளையாடின. பயந்தவர்களுக்கென்றே யாரோ செய்து வைத்த கடல். நாற்காலிக்காரர் ஒருத்தர் வந்து பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்கிறாரே என்று எனக்குப் பூரித்துப் போனது.

மகள் துண்டில் விழுந்ததும் தூங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் புதுச் சாய்வு நாற்காலியைப் பிரித்தார். துணியைத் தட்டினார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். சட்டைப் பொத்தானில் கை வைத்தார். அப்போது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, ஒரு சின்ன மடக்கு நாற்காலியைப் போட்டு, அதன் நுனியில் உட்கார்ந்தார்.

பொத்தானிலிருந்து கை கீழே வந்தது. புது மாப்பிள்ளை முன்னால் சட்டை இல்லாமல் எப்படிப் படுப்பது?

"மாப்பிள்ளை, நீங்க வேணா சாஞ்சுக்கோங்களேன்."

"ஐயோ, நீங்க இருக்கும்போதா மாமா?"

புதிதாகச் சில வார்த்தைகள்! நான் மகிழ்ந்து போனேன். என் வீட்டுக்காரர் மகிழவில்லை. மரியாதை கொடுக்கிறவர் எதிரில் மரியாதையாக இருக்க வேண்டுமே. அவரும் சாய்வு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சாய்வு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கம்பு தொடையை அறுக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தார். அப்புறம் எழுந்து, "நீ உட்காரு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை பக்கத்தில் மணலில் சம்மணம் போட்டார். அவர் மணலில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையும் பதறி மணலுக்கு இறங்கினார். இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். கடலும் அவர்களைப் பார்த்தது.

நான் அந்த நாற்காலியில் முழுசாகச் சாய்ந்தேன். அடடா! முதுகு, கழுத்து, தலை எல்லாவற்றையும் யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கண் சொருகியது.

திடுக்கென்று கேட்டது. "மாப்பிள்ளை, சும்மா எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்கிறது? வாங்க, தண்ணில இறங்கலாம்."

"சரிங்க மாமா."

எனக்குத் தூக்கம் பறந்தது. இரண்டு பேரும் எழுந்து நடந்தார்கள். நான் எழுந்து ஓட நினைத்தேன். அந்த நாற்காலியில் விழுவதுதான் சுலபம், எழுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். கால் இரண்டும் மேலே கிடக்க, ஆமையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி தத்தளித்தேன். வாயைத் திறந்து கத்தலாம் என்றால், என்னவென்று கத்துவது? 'அவருக்குத் தண்ணின்னா பயம்' என்றா?

அவர்கள் தண்ணீர் வந்து தொடுகிற கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றார்கள். மாப்பிள்ளை நின்றது எனக்குப் புரிந்தது. இவர் ஏன் நின்றார்? ஒருத்தர் இறங்கட்டும் என்று இன்னொருத்தர் காத்திருப்பது போல இரண்டு பேரும் நின்றார்கள். காற்று கடல் பக்கத்திலிருந்து என் பக்கம் வீசியது. பேச்சு ஒரு எழுத்து விடாமல் வந்து சேர்ந்தது.

"மாமா..." என்றார் மாப்பிள்ளை. "மன்னிச்சுக்கோங்க மாமா. எனக்குத் தண்ணின்னா ரொம்ப பயம். சின்ன வயசுலேர்ந்தே. நீங்க கேவலமா நினைப்பீங்கன்னுதான் சொல்லல. இதுக்கு மேல ஒரு அடி வைக்க முடியாது மாமா."

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். இதோ இப்போது சிரிப்பார். இதோ.

சிரிப்புச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு தரம் மகள் பக்கம் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டார்.

"பயமா? எனக்கும்தான் மாப்பிள்ளை."

"மாமா!"

"மெதுவா. கணுக்கால் நனைஞ்சாலே எனக்கு மூச்சு முட்டும். நாலு கரையையும் நாற்காலில உட்கார்ந்தே ஏன் பார்த்தேன்? உங்களை அலைக்கரைக்கு ஏன் அனுப்பப் பார்த்தேன்? நீங்க கிட்ட இருந்தா, ஏன் மாமா இறங்கலைன்னு கேப்பீங்களே! இப்போகூட நீங்க முதல்ல இறங்கிட்டா, செருப்பைப் பாத்துக்கிறேன்னு சொல்லித் திரும்பிடலாம்னுதான் வந்தேன்."

நான் மலைத்துப் போனேன். எத்தனை வருஷம் இந்த மனுஷரோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன்! கடலுக்குப் போன இடத்தில் எல்லாம், எங்களை இறங்க விட்டுவிட்டு, "நீங்க போங்க, நான் சாமானைப் பாத்துக்கிறேன்" என்று கரையில் நிற்பாரே, அதைத் தியாகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஆனாலும் கோபம் வரவில்லை. தன் பயத்தை இத்தனை நாள் இத்தனை அழகாக உட்காரவைத்திருக்கிறாரே!

"ஒண்ணு மட்டும் மாப்பிள்ளை" என்றார் என் வீட்டுக்காரர். "உங்க அத்தைக்கு இது தெரியவே கூடாது. அவ ஒருத்திதான் என்னைப் பெரிய தைரியசாலின்னு நம்பிக்கிட்டிருக்கா."

சொல்லிவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க மெதுவாகத் திரும்பினார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாயைப் பிளந்து, தலையைச் சரித்து, கண்ணை மூடி, குறட்டை விட ஆரம்பித்தேன். மணலில் அவருடைய காலடிச் சத்தம் கிட்டே வந்து நின்றது. குனிந்து பார்க்கிறார் என்று தெரிந்தது.

"பாவம், அசந்து தூங்குறா" என்றார் மாப்பிள்ளையிடம். "இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

நான் குறட்டையை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.